வைத்தியர் மட்டுமா வைத்தியசாலை?

பிள்ளைகளுக்கு நாம் காட்ட வேண்டிய பொதுச் சுகாதாரத் தொழில்கள்

"பிள்ளை வளர்ந்து என்னவாக வரப்போகிறார்?" எம்மவர் வீடுகளுக்கு வரும் விருந்தினர் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்ததும் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். கேள்வி பொதுவானது. ஆனால் ஏற்றுக்கொள்ளப்படும் விடைகள் இரண்டே இரண்டு. ஒன்று டொக்டர், மற்றது எஞ்சினியர். பிள்ளை வேறெதையாவது சொல்லிவிட்டால், "இன்னும் சின்னப்பிள்ளைதானே, போகப்போக விளங்கும்" என்று பெரியவர்கள் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இந்த இரட்டை விடை எங்கிருந்து வந்தது என்பதை நாம் அறிவோம். ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிணற்று நீரை நம்பி வாழ்ந்த சமூகத்துக்குக் கல்வியே பெரும் முதலாக இருந்தது. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுத்தப்பட்ட பின்னர், மருத்துவ பீடத்தில் கிடைத்த ஓர் இடம் ஒரு குடும்பத்தின் வெற்றியாக மட்டுமன்றி ஓர் ஊரின் வெற்றியாகவும் கொண்டாடப்பட்டது. அந்தக் கனவைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. ஆனால் அங்கிருந்த நெருக்கடியிற் பிறந்த கனவை, வேறொரு நாட்டில் வேறு வாய்ப்புகளுக்கு நடுவே வளரும் பிள்ளையின் தோளில் அப்படியே ஏற்றி வைக்கும்போது இரண்டு இழப்புகள் நேருகின்றன. மருத்துவம் கிடைக்காத பிள்ளை, பதினெட்டு வயதிலேயே வாழ்க்கையில் தோற்றுவிட்டதாக எண்ணித் தலைகுனிகிறது. மருத்துவருக்கு அருகிலேயே நின்று உயிர்காக்கும் எத்தனையோ தொழில்கள் அப்பிள்ளையின் கண்ணிற் படாமலே போய்விடுகின்றன.

ஆசிரியப் பணியில் நாம் கண்டறிந்த உண்மை ஒன்றுண்டு. பிள்ளைகள் தாம் காணாத ஒன்றை விரும்புவதில்லை. ஆகவே விருப்பத்தைத் திணிப்பதற்கு முன்னர் காட்சியை விரித்துக் காட்டுவதே பெற்றோரின் முதற் கடமையாகும்.

ஒரு துளி இரத்தத்தின் பயணம்

தொழில்களின் பட்டியலை ஒப்புவித்தால் எந்தப் பிள்ளையும் காது கொடுக்காது. கதை சொன்னால் கேட்கும். இங்கு பிறந்த எமது பிள்ளைகள் தாமே கதாபாத்திரமாக வரும் கதை ஒன்று உள்ளது.

நோர்வேயில் ஒரு குழந்தை பிறந்து 48 மணி முதல் 72 மணி நேரத்துக்குள், பெற்றோரின் இசைவுடன், அதன் குதிகாலில் சிறிதாகக் குத்தி சில துளி இரத்தத்தை ஒரு தாளில் ஒற்றி எடுப்பார்கள். பின்மார்க்கின் கடற்கரையிற் பிறந்த குழந்தையாயினும், தெற்கே கிறிஸ்தியான்சாண்டிற் பிறந்த குழந்தையாயினும், அத்தாள் வந்து சேருமிடம் ஒன்றே. அது ஒஸ்லோ பல்கலைக்கழக வைத்தியசாலையின் ஆய்வுகூடம். வெளிப்பார்வைக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் பிறவி நோய்களை, அவை குழந்தையைத் தாக்குவதற்கு முன்னரே கண்டுபிடிப்பதற்காக இப்பரிசோதனை நடைபெறுகிறது. 2012ஆம் ஆண்டுக்கு முன்னர் இரண்டு நோய்களுக்கு மட்டும் செய்யப்பட்ட சோதனை, அவ்வாண்டில் 23 நோய்களுக்கு விரிவாக்கப்பட்டது. பின்னர் மேலும் சில சேர்க்கப்பட்டன.

இப்போது பிள்ளையை விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள். குழந்தையை உலகுக்கு வரவேற்றவர் மருத்துவமாது. நோர்வேஜிய மொழியில் யூர்மூர். இரத்தத்தை எடுத்தவர் அவராகவோ ஒரு தாதியாகவோ இருக்கலாம். தாளை ஆய்வுகூடத்துக்குக் கொண்டு வந்தவர்கள் தபாற் பணியாளர்கள். இயந்திரத்தில் இட்டுச் சோதித்தவர் பியோஇன்ஜெனியர் எனப்படும் ஆய்வுகூட வல்லுநர். அந்த இயந்திரம் பிழையின்றி ஓடுவதைப் பார்த்துக்கொள்பவர் மருத்துவத் தொழில்நுட்பவியலாளர். முடிவிற் சந்தேகம் தோன்றினால் தொலைபேசியை எடுத்துப் பெற்றோரை அழைப்பவர் வைத்தியர். அந்நோய் பரம்பரையாக வருவதன் பொருளைப் பெற்றோருக்கு விளக்குபவர் மரபணு ஆலோசகர். குழந்தை எதை உண்ணலாம், எதை உண்ணலாகாது என்று கணக்கிட்டுக் கொடுப்பவர் மருத்துவ உணவியலாளர். மருந்தைச் சரிபார்ப்பவர் மருந்தாளர். பெற்றோருக்கு மொழி புரியாவிடில் நடுவில் அமர்பவர் மொழிபெயர்ப்பாளர். ஒரு துளி இரத்தத்துக்குப் பத்துப் பேர். அப்பத்துப் பேரில் வைத்தியர் ஒருவர்.

இக்கதைக்கு ஒரு முற்கதையும் உண்டு. நீண்ட காலமாகச் சோதிக்கப்பட்டு வந்த அந்த இரண்டு நோய்களுள் ஒன்றை உலகுக்குக் கண்டுபிடித்துச் சொன்னவர் நோர்வே நாட்டவரான அஸ்பியோர்ன் பொல்லிங். ஒரு தாய் தன் இரண்டு பிள்ளைகளினதும் அறிவு வளர்ச்சி குன்றியிருப்பதன் காரணத்தை அறியாமல் பல வைத்தியர்களிடம் அலைந்தார். பிள்ளைகளிடமிருந்து வீசிய விசித்திரமான வாடையை அவர் கவனித்திருந்தார். 1934ஆம் ஆண்டு பொல்லிங் அப்பிள்ளைகளின் சிறுநீரைச் சோதித்தபோது, அதுவரை எவரும் அறியாத நோய் ஒன்று வெளிப்பட்டது. பொல்லிங் முதலில் இரசாயனப் பொறியியல் கற்று, அதன் பின்னரே மருத்துவம் பயின்றவர். எஞ்சினியரும் டொக்டரும் ஒருவரே என்றால் எமது பெற்றோர் மகிழ்ந்துபோவார்கள். ஆனால் இக்கதையில் முதலிற் கவனித்தது பட்டம் பெற்றவரல்லர், ஒரு தாய் என்பதைப் பிள்ளைக்குச் சேர்த்தே சொல்ல வேண்டும். கவனிப்பது என்ற பண்பிலிருந்துதான் சுகாதாரத் தொழில்கள் யாவும் பிறக்கின்றன.

மூன்று வாசல்கள்

நோர்வேயில் அரச அங்கீகாரம் பெற்றே செய்யக்கூடிய சுகாதாரத் தொழில்கள் 30க்கும் மேற்பட்டவை சட்டத்தில் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. அவற்றினுள் நுழைய மூன்று வாசல்கள் உள்ளன என்று பொதுவாகக் கூறலாம்.

முதல் வாசல் மேல்நிலைப் பாடசாலையின் தொழிற்கல்விப் பிரிவு. பத்தாம் வகுப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் பாடசாலையிலும், அடுத்த இரண்டு ஆண்டுகள் முதியோர் இல்லம், வைத்தியசாலை போன்ற இடங்களிற் பழகுநராகவும் பயின்று, செய்முறைத் தேர்வில் தேறினால் ஹெல்செபாக்ஆர்பைடர் என்ற தகுதி கிடைக்கும். பழகும் காலத்திலேயே சம்பளம் உண்டு. மருந்தக உதவியாளர், பல் வைத்திய உதவியாளர், வைத்திய நிலையச் செயலாளர், அம்புலன்ஸ் பணியாளர் ஆகியோரும் இவ்வாசலால் வருபவர்களே. இவ்வாசலால் நுழைந்தவர்களுக்கு மேலே செல்லும் படி அடைபடுவதில்லை. ஓராண்டு மேலதிகப் பொதுக்கல்வி கற்றுத் தேறினால் பல்கலைக்கழகம் புகும் தகுதி கிடைக்கும். 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த புதிய கல்விச் சட்டமோ, மேல்நிலைக் கல்வியை நிறைவு செய்யும்வரை கற்கும் உரிமையை இளையோருக்கு வழங்கியுள்ளது. பதினாறு வயதில் எடுக்கும் முடிவு ஆயுள் முடிவன்று.

இரண்டாம் வாசல் மூன்றாண்டு இளமாணிப் பட்டம். ஷீக்கெப்ளையர் என்னும் தாதித் தொழில் இவற்றுள் பெரிது. 1868ஆம் ஆண்டு கத்தின்கா குல்ட்பேர்க் என்ற பெண்மணி இந்நகரில் தொடங்கியதே நாட்டின் முதலாவது தாதியர் கல்வி. அந்த மரபிலிருந்து வந்த லோவிசன்பேர்க் உயர்கல்லூரி இன்றும் தாதியரைப் பயிற்றுகிறது. 2018இற் பல்கலைக்கழகமாக உயர்ந்த ஒஸ்லோமெற்றில் தாதியருடன் ஆய்வுகூட வல்லுநர், கதிர்ப்பட வல்லுநர், இயன் மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர், செயற்கைக் கைகால் செய்யும் பொறியியலாளர், அவசர மருத்துவப் பணியாளரான பரமெடிக் ஆகியோரும் பயிற்றப்படுகின்றனர். ஊரிற் போரில் காலிழந்து ஊன்றுகோலுடன் நடந்தவர்களைக் கண்ட எமக்கு, ஒரு மனிதனை மீண்டும் நடக்க வைக்கும் தொழிலின் பெருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இதே வாசலில் வார்னெப்ளையர் என்ற தொழிலும் உண்டு. மனவளர்ச்சி குன்றியோருக்கும் இயலாமையுடன் வாழ்வோருக்கும் துணைநின்று, அவர்கள் தம் வாழ்வைத் தாமே நடத்தக் கற்றுக்கொடுப்பவர் இவர். இத்தகைய பிள்ளைகளை வெளியே காட்டாமல் வளர்க்கும் பழக்கம் எம்மிடையே முற்றாக நீங்கவில்லை என்பதால், இத்தொழிலை எமது பிள்ளைகள் அறிவது இருவகையிலும் நன்மை தரும்.

மூன்றாம் வாசல் நீண்ட கல்வி. மருத்துவம் 6 ஆண்டுகள், உளவியல் 6 ஆண்டுகள், பல் வைத்தியம் 5 ஆண்டுகள், மருந்தியல் 5 ஆண்டுகள். பட்டத்தின் பின்னர் இளம் வைத்தியர்கள் பன்னிரண்டு மாதங்கள் வைத்தியசாலையிலும் ஆறு மாதங்கள் நகரசபை அல்லது கிராமசபைச் சேவையிலும் பணியாற்ற வேண்டும். இங்கு இடம் கிடைக்காதவர்கள் போலந்து, ஹங்கேரி முதலிய நாடுகளுக்குச் சென்று பயில்வதும் வழக்கமாகிவிட்டது. பிள்ளை தானாக விரும்பிச் செல்வதாயின் வாழ்த்தி அனுப்புவோம். பெற்றோரின் விருப்பத்துக்காகக் கடன்சுமையுடன் அந்நிய நாட்டில் ஆறு ஆண்டுகள் ஒரு பிள்ளை தனித்திருப்பதாயின், அனுப்புவதற்கு முன்னர் ஒருமுறை அமர்ந்து பேச வேண்டும்.

வைத்தியசாலைக்கு வெளியே

பொதுச் சுகாதாரத்தின் பெரும்பகுதி வைத்தியசாலைச் சுவர்களுக்கு வெளியே நடைபெறுகிறது. இதை அறிய எமது பிள்ளைகள் தொலைவு செல்ல வேண்டியதில்லை. குழந்தைகளாக இருந்தபோது நிறுத்து, அளந்து, தடுப்பூசி போட்ட ஹெல்சஸ்தஷூன், பிறந்தது முதல் ஐந்து வயது வரை 14 சந்திப்புகளைக் கொண்ட சேவையாகும். பாடசாலையில் கதவு திறந்து வைத்து அமர்ந்திருக்கும் சுகாதாரத் தாதி, 2019 வரை ஹெல்சசோஸ்தர் எனவும் அதன் பின்னர் ஹெல்சஷீக்கெப்ளையர் எனவும் அழைக்கப்படுகிறார். ஆண்களும் இத்தொழிலுக்கு வர வேண்டும் என்பதும் 'சகோதரி' என்று பொருள்படும் பழைய பெயர் மாற்றப்பட்டதற்கு ஒரு காரணம். பதினெட்டு வயது வரை கட்டணமின்றிப் பல்லைப் பார்க்கும் பொதுப் பல் வைத்தியசேவையில், பல் வைத்தியருடன் பல் சுகாதாரப் பணியாளரும் உள்ளார். 113 என்ற இலக்கத்தை அழைத்தால் மறுமுனையிற் பதற்றமின்றிப் பேசுபவரும் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளரே. குரலாலேயே உயிர்காக்கும் தொழில் அது.

நோயாளியைத் தொடாமலே நோயை வெல்பவர்களும் உளர். 1856ஆம் ஆண்டு நோர்வே தனது தொழுநோயாளர்கள் எல்லோரையும் ஒரு பதிவேட்டிற் பதியத் தொடங்கியது. நாடு முழுவதற்குமான நோயாளர் பதிவேடுகளில் உலகிலேயே முன்னோடியானது அது. பின்னர் 1873இற் பேர்கன் நகரில் ஆர்மவர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். எண்ணுபவரும் எழுதிவைப்பவரும் கூடச் சுகாதாரப் பணியாளர் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. 1929இல் ஒஸ்லோவில் நிறுவப்பட்ட பொதுச் சுகாதார நிறுவனத்தில் இன்று புள்ளிவிபரவியலாளரும் உயிரியலாளரும் கணினி வல்லுநரும் பணிபுரிகின்றனர். கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு இது புதிய செய்தியாக இருக்கும்.

2020 டிசம்பர் 27ஆம் நாள் நோர்வேயின் முதலாவது கொரோனாத் தடுப்பூசி போடப்பட்டது பெரிய வைத்தியசாலை எதிலும் அன்று. ஒஸ்லோவின் எல்லிங்ஸ்றூட் முதியோர் இல்லத்தில். எம்மவர் பலர் வாழும் குறூருட் பள்ளத்தாக்குக்கு அண்மையிலுள்ள இல்லம் அது. ஊசியைப் போட ஒருவர்; அதற்கு முன்னர் அதைக் குளிர்நிலையிற் காத்தவர், கொண்டுவந்தவர், பதிவேட்டில் ஏற்றியவர், நடுங்கிய முதியவரின் கையைப் பிடித்துக்கொண்டவர் எனப் பலர்.

மூன்று முறை பிரதமராக இருந்து, 1998 முதல் 2003 வரை உலக சுகாதார நிறுவனத்தை வழிநடத்திய குறூ ஹார்லம் புறூன்ட்லான்ட் அம்மையார், அரசியலில் உயர்வதற்கு முன்னர் ஒஸ்லோவின் பாடசாலைச் சுகாதார சேவையில் வைத்தியராகப் பணியாற்றியவர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஊரில் இருந்ததும் இதுவே

இவையெல்லாம் வெள்ளைக்காரர் நாட்டுப் புதுமைகள் என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார்; மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான வைத்தியசாலையிற் பிறந்தவர்கள் இவ்விதழின் வாசகர்களிடையே இல்லாமலிரார். 1926இற் களுத்துறையில் தொடங்கப்பட்ட முதலாவது சுகாதாரப் பிரிவைத் தொடர்ந்து, இலங்கை முழுவதும் மருத்துவமாதரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வீடு வீடாகச் சென்றனர். சைக்கிளில் வந்து, கிணற்றுக்கு மருந்திட்டு, மலசலகூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போன பரிசோதகரை நாம் டொக்டருக்கு நிகராக வைத்து மதிக்கவில்லை. ஆனால் எமது ஊர்களில் தாயும் சேயும் பிழைத்ததற்கு வைத்தியசாலைக் கட்டிலைப் போலவே அந்தச் சைக்கிள்களும் காரணம்.

மொழிபெயர்த்த பிள்ளைகள்

அகதிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நோர்வேயின் சுகாதார சேவை முன்பே அறிமுகமானது. ஆனால் அந்த அறிமுகம் நடந்த விதம் நன்றன்று. பத்து வயதுப் பிள்ளை அம்மாவின் வயிற்று நோயை வைத்தியருக்கு மொழிபெயர்த்தது. அப்பாவின் இரத்தப் பரிசோதனை முடிவை, தனக்கே விளங்காத சொற்களில் அப்பாவுக்குச் சொன்னது. போரில் கண்டவற்றால் உறங்காத தகப்பன் உளவியலாளரிடம் சொல்ல வேண்டியதைத் தன் பிள்ளையின் வாயாற் சொல்ல முடியாமல் விழுங்கிக்கொண்டதும் உண்டு. சில பிள்ளைகள் பெற்றோரை நோகவைக்காதிருக்கச் செய்தியை மென்மையாக்கிச் சொன்னார்கள். சில பிள்ளைகள் அந்தச் சுமையை இன்றும் சுமக்கிறார்கள்.

2022 ஜனவரி முதலாம் நாள் நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டம், அவசர நிலை போன்ற சில விதிவிலக்குகள் தவிர, பொதுநிறுவனங்கள் பிள்ளைகளை மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. தகுந்த மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவது அந்நிறுவனத்தின் கடமை. ஆகவே, நேரம் பதியும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. இரு மொழியிலும் தேர்ச்சியுள்ள வளர்ந்த பிள்ளைகளுக்கு, பயிற்சி பெற்று, இரகசியம் காக்கும் கடப்பாட்டுடன் செய்யப்படும் மொழிபெயர்ப்பு மதிப்புள்ள தொழில் என்பதையும் சொல்லுங்கள். அதற்கான கல்வியும் ஒஸ்லோமெற்றில் உண்டு.

நாளை எம்மைப் பார்ப்பவர் யார்?

1980களிற் பின்மார்க் மீன் தொழிற்சாலைகளிற் குளிரில் நின்று உழைத்த எம்மவர் இன்று ஓய்வூதிய வயதை அடைந்துள்ளனர். அவர்களுள் பலர் பின்னர் ஒஸ்லோவுக்கு வந்து குடியமர்ந்தவர்கள். பிள்ளைகள் கூடவே இருந்து பார்ப்பார்கள் என்ற நம்பிக்கையுடன் வளர்ந்த தலைமுறை அது. இங்கோ பிள்ளைகளும் மருமக்களும் வேலைக்குச் செல்பவர்கள். எவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், வீட்டுப் பராமரிப்புச் சேவையும் முதியோர் இல்லமும் எமது வாசலுக்கு வந்துவிட்டன.

மறதி நோய் கண்டவர்களிடம் பிற்காலத்திற் கற்ற மொழி முதலில் நழுவுவது மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. முப்பது ஆண்டுகள் நோர்வேஜிய மொழி பேசியவர், ஒருநாள் தமிழ் மட்டுமே பேசத் தொடங்குவார். அப்போது "தண்ணி" என்று கேட்டால் விளங்கிக்கொள்பவர் அருகில் வேண்டும். சோறும் பருப்பும் ஏன் வேண்டும் என்பதும், குளிப்பாட்டும்போது அம்மா ஏன் கூச்சப்படுகிறார் என்பதும், வெள்ளிக்கிழமை ஏன் இறைச்சி தொடமாட்டார் என்பதும் அறிந்த ஒருவர் வேண்டும். அவர் பெரும்பாலும் வைத்தியராக இருக்கமாட்டார். ஹெல்செபாக்ஆர்பைடராகவோ தாதியாகவோ இருப்பார். எமது பிள்ளைகள் இத்தொழிலுக்கு வருவதை இழிவாகக் கருதிக்கொண்டே, எமது முதுமையில் தமிழ் பேசும் கை ஒன்று வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வாறு பொருந்தும்?

எப்படி அறிமுகப்படுத்துவது?

சின்னஞ்சிறு வயதில் அச்சத்தை நீக்குவதே அறிமுகம். மருத்துவ மாணவர்கள் நடத்தும் பம்சஷீக்கஹூஸ் என்னும் கரடிப்பொம்மை வைத்தியசாலைக்குப் பாலர் பாடசாலைப் பிள்ளைகள் தம் பொம்மையை நோயாளியாகக் கொண்டு செல்கிறார்கள். வீட்டிலேயும் இதை விளையாடலாம். பிள்ளை எப்போதும் டொக்டராகவே இராமல் அம்புலன்ஸ் ஓட்டுநராகவும், எக்ஸ்றே எடுப்பவராகவும், நோயாளிக்கு உணவு கொண்டுவருபவராகவும் மாறி மாறி விளையாடட்டும்.

எட்டு முதல் பன்னிரண்டு வயதில், காண்பதைக் கேள்வியாக்கப் பழக்குங்கள். வைத்தியசாலைக்குச் சென்று வந்தால், "இன்று எத்தனை விதமான வேலை செய்பவர்களைக் கண்டாய்?" என்று கேளுங்கள். கழுத்திலே தொங்கும் அட்டையைப் படிக்கச் சொல்லுங்கள். கியெல்சோசில் உள்ள தொழில்நுட்ப நூதனசாலையின் ஒரு பகுதியாகத் தேசிய மருத்துவ நூதனசாலை அமைந்துள்ளது. பனிக்கால ஞாயிறு ஒன்றைக் கழிக்க நல்ல இடம்.

எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை உத்தன்னிங்ஸ்வால்க் என்ற கல்வித்தெரிவுப் பாடம் உண்டு. மேல்நிலைப் பாடசாலைகளுக்குச் சென்று பார்ப்பதும், பல பாடசாலைகளிற் சில நாட்கள் வேலைத்தளம் ஒன்றிற் பழகுவதும் இக்காலத்தில் நடைபெறும். எம்மவர் பிள்ளைகள் பலர் அந்நாட்களை மாமாவின் கடையிற் கழித்துவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக முதியோர் இல்லத்தையோ மருந்தகத்தையோ கேட்டுப் பார்க்கட்டும். பாடசாலையின் ஆலோசகரைச் சந்திக்கப் பெற்றோரும் செல்ல வேண்டும். அங்கும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். மேல்நிலைப் பாடசாலைக்கான விண்ணப்ப நாள் மார்ச் 1, உயர்கல்விக்கான பொது விண்ணப்ப நாள் ஏப்ரல் 15. அதற்கு முதல்நாள் இரவு பேசத் தொடங்கினாற் பயனில்லை.

மேல்நிலை வகுப்பினர்க்கு வாய்ப்புகள் இன்னும் நெருக்கமானவை. உல்லர்ன் மேல்நிலைப் பாடசாலை 2015 முதல் றாடியும் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அருகேயுள்ள புற்றுநோய் ஆய்வு வளாகத்திலேயே இயங்குகிறது. அங்குள்ள மாணவர் ஆய்வாளருடன் பழகிக் கற்கின்றனர். ஏனையோர்க்குக் கோடை விடுமுறையில் முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை நல்ல பள்ளிக்கூடம். அதற்குக் காவல்துறைச் சான்றிதழ் தேவைப்படும் என்பதால், இளவயதிற் செய்யும் சிறு தவறும் பின்னர் கதவடைக்கக்கூடும் என்பதைப் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது.

ஆண்பிள்ளைகளை இத்தொழில்களிலிருந்து ஒதுக்கிவிடாதீர்கள். வேலையிழந்த ஆண்கள் சுகாதாரத் தொழிலுக்கு வர உதவும் 'மென் இ ஹெல்செ' என்ற திட்டம் 2010இல் துறொன்ஹைமில் தொடங்கி நாட்டில் பரவியது. அது 25 முதல் 55 வயது வரையானவர்களுக்குரியது. மகனுக்கு மட்டுமன்றிச் சில தந்தையருக்கும் இது வழிகாட்டலாம்.

மறைக்க வேண்டாதவை

எந்தத் தொழிலையும் பாலும் தேனுமாகக் காட்டுவது பிள்ளைக்குச் செய்யும் துரோகம். சுகாதாரத் தொழில்கள் பலவற்றில் இரவு வேலையும் வார இறுதி வேலையும் உண்டு. நோயாளியைத் தூக்கித் தூக்கி முதுகு நோகும். முழுநேர இடம் கிடைக்கும்வரை பகுதிநேர வேலையிற் காத்திருக்க நேரிடும். நேற்றுப் பேசிச் சிரித்த முதியவரின் கட்டில் இன்று வெறுமையாக இருக்கும். இவற்றையும் சொல்லுங்கள். அறிந்தபின்னும் விரும்பும் பிள்ளையே அத்தொழிலில் நிலைத்து நிற்கும். அறிந்தபின் வேண்டாம் என்று சொல்லும் பிள்ளையை வற்புறுத்தவும் வேண்டாம். டொக்டர் என்ற ஒற்றைச் சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தாதி என்ற ஒற்றைச் சொல்லை வைப்பது எமது வேண்டுகோளன்று.

எமது வேண்டுகோள் சிறியது. ஒஸ்லோவின் வைத்தியசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் மருந்தகங்களிலும் எம்மவர் ஏற்கெனவே பணிபுரிகின்றனர். வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகள் ஆண்டில் ஒருநாளை ஒதுக்கி அவர்களை அழைக்கட்டும். வைத்தியரை மட்டும் மேடையில் ஏற்றி மாலை போட்டு அனுப்பாமல், ஆய்வுகூடத்தில் இருப்பவரையும், அம்புலன்சில் செல்பவரையும், சத்திரசிகிச்சைக் கூடத்தை இரவில் கழுவித் துடைப்பவரையும் ஒரே வரிசையில் அமர்த்தட்டும். ஒவ்வொருவரும் பத்து நிமிடம் தம் வேலைநாளைச் சொல்லட்டும். மீதி நேரம் பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். பெற்றோர் பின்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாற் போதும்.